கண்டிச் சீமைக் கணக்கு – 9: இலைக்கு அடியில்

1867-இல் கண்டிக்கு ரயில் வந்து சேர்ந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கடுகண்ணாவை ஏற்றத்தில் நுரை தள்ளிய மாடுகளுக்கு அதோடு விடுதலை. இனி கோப்பி மூட்டை ரயிலில் இறங்கும். அரிசி மூட்டை அதே ரயிலில் ஏறும்.

இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஹந்தானையிலும் கம்பளையிலும் மாத்தளையிலும் காட்டை அழித்து, மலை மலையாக ஒரே பயிரை வைத்தார்கள் துரைமார். பழம் பறிக்கத் தமிழகத்திலிருந்து ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். அவர்களுடைய கூலியில் ஒரு பகுதி அரிசியாகவே அளக்கப்பட்டது. அந்த அரிசியோ இந்த மண்ணில் விளைந்ததில்லை. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. கொழும்பு செட்டியார் தெருவில் அதற்குப் பணம் போட்டவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். உடுத்தும் துணியும் கடல் தாண்டித்தான் வந்தது. இவ்வளவுக்கும் விலை கொடுத்தது லண்டனில் விற்ற கோப்பி.

கண்டிக் கிராமத்துச் சிங்களக் குடியானவனும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. வீட்டுக் கொல்லையில் நாலு கோப்பிச் செடி வைத்திருப்பான். முஸ்லிம் வியாபாரி வந்து காயை வாங்கிப் போவார். வயலுக்கு விதித்த தானிய வரியைக் கட்ட அந்தக் காசுதான் உதவியது. அந்த நாலு செடியை வாசகர் மறந்துவிட வேண்டாம். பின்னால் ஒரு பெரிய கண்ணீர்க் கதைக்கு அதுதான் வித்து.

அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். இறக்குமதி அரிசிக்குத் தீர்வை வாங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு அரிசி வெளியிலிருந்து வருகிறதோ அவ்வளவு வருமானம். இப்படி ஒரு கஜானாவுக்கு நாட்டு வயல்கள் விளைய வேண்டுமே என்ற அவசரம் எங்கிருந்து வரும்?

1869-இல் கோப்பிப் பயிரைப் பற்றித் தமிழில் ஒரு பாட்டுப் புத்தகமே வெளிவந்தது: ஆபிரகாம் ஜோசப் எழுதிய ‘கோப்பி கிருஷிக் கும்மி’. அதே ஆண்டில்தான் ஊவாப் பக்கம் மடுல்சீமைத் தோட்டமொன்றில் யாரோ ஒரு கோப்பி இலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

மேலே பார்த்தால் வெளிறிய சிறு புள்ளி, அவ்வளவுதான். திருப்பினால் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி. விரலால் தேய்த்தால் மஞ்சள்தூள்போல ஒட்டும். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் தலைவர் துவெயிட்ஸ் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பூஞ்சை அறிஞர் அதற்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். வாயில் நுழையாத அந்தப் பெயரைத் துரைமார் ‘நாசகார எமிலி’ என்று ஆக்கிக்கொண்டார்கள். சிரிப்பு வந்த காலம் அது.

ஏன் சிரிப்பு? இங்கேதான் கதையின் முடிச்சு. நோய் கண்ட தோட்டங்களில் விளைச்சல் விழுந்தது. ஏக்கருக்கு நாலரை அந்தர் (அந்தர் என்பது 112 இறாத்தல்) தந்த நிலம் எழுபதுகளின் கடைசியில் இரண்டு அந்தருக்கு வந்துவிட்டது. அதே பத்தாண்டில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியது. மூட்டை குறைந்தாலும் பணம் குறையவில்லை. ஏற்றுமதிப் பேரேட்டில் இலையின் மேல்பக்கம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. தோட்டக்காரர்கள் அதை நம்பி இன்னும் கடன் வாங்கினார்கள், இன்னும் காட்டை வெட்டினார்கள். 1878-இல் கோப்பி நின்ற பரப்பு சுமார் 275,000 ஏக்கர். நோய் வந்து ஒன்பது வருடம் கழித்து!

2022 ஏப்ரலில் கடன் கட்ட டொலர் இல்லை என்று அரசு அறிவித்தபோது கண்டியில் கேஸ் கியூவில் நின்றவர்களுக்கு இந்தக் கடன் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

1880-இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அரசாங்கம் வரவழைத்தது. முப்பது வயதுகூட ஆகாதவர். கண்ணாடித் துண்டுகளில் பிசுபிசுப்பான கிளிசரின் பூசித் தோட்டங்களில் வைத்தார். பிறகு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். காற்றில் வந்த நோய்வித்துகள் அதில் ஒட்டியிருந்தன. தடுக்க ஒரு மரவேலிகூட இல்லாமல் மலைக்கு மலை கோப்பி நின்றதுதான் நோய்க்குப் போட்ட ராஜபாட்டை என்றார். வந்தபின் தீர்க்க மருந்தில்லை என்பதும் அதில் அடக்கம். துரைமாருக்கு இது பிடிக்கவில்லை. மருந்து கொண்டுவரத்தானே ஆளை அழைத்தோம் என்று முணுமுணுத்தார்கள்.

அதற்குள் பிரேசில் கோப்பி சந்தையில் குவிந்து விலையும் விழுந்தது. விளைச்சலும் இல்லை, விலையும் இல்லை. ஆனால் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அடுப்பு எரிய வேண்டுமே! அரிசி வந்துகொண்டேதான் இருந்தது.

வரவுக்கும் செலவுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தை இதுவரை கடனால் நிரப்பியவர்களில் முதலாவது பெயர் ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன். இலங்கையில் கோப்பித் தோட்டங்களையும் மொரீஷியசில் கரும்புத் தோட்டங்களையும் நம்பிக் கடன் கொடுத்த வங்கி. இன்னொரு விஷயமும் உண்டு. அன்று அரசாங்கம் அடித்த நோட்டு புழக்கத்தில் இல்லை. இலங்கையர் கையில் ரூபாய்த்தாளாக இருந்தவை வங்கிகள் வெளியிட்டவை. அவற்றில் பெரும்பங்கு இந்த வங்கியின் தாள்.

1884 மே 3, சனிக்கிழமை. ஓரியண்டல் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

நேற்றுவரை அரிசி வாங்கிய தாள், கங்காணி கையில் சம்பளமாக வந்த தாள், இன்று வெறும் காகிதமா? கொழும்பில் ஆளுநர் ஆர்தர் கோர்டன் பதவிக்கு வந்து இன்னும் அரை வருடம்கூட ஆகவில்லை. அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்றால் ஓர் ஓட்டாண்டி வங்கியின் கடன் கஜானாவின் தலையில் விழும். ஏற்காவிட்டால் திங்கட்கிழமை காலை எந்த அரிசிக்கடை திறக்கும்? லண்டனின் அனுமதியைக் கேட்டுக் காத்திருப்பதா, தானே பேனாவை எடுப்பதா?

கோர்டன் பேனாவை எடுத்தார். எழுதியது என்ன?

(தொடரும்)