இணையக் குறிமொழி வரலாறு: கண்டிப்பும் நெகிழ்வும்

இணையப் பக்கத்தின் கட்டமைப்பை உலாவிக்கு உணர்த்துவது குறிமொழியாகும். தொடக்கக்கால உலாவிகள் எச்டிஎம்எல் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு பக்கங்களைக் காட்டின. 2000 சனவரியில் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரைத்த எக்ஸ்எச்டிஎம்எல் 1.0, எக்ஸ்எம்எல் இலக்கணத்தைத் தழுவியது. அவ்விலக்கணப்படி கையாளப்படும் பக்கத்தில் ஒரு குறிச்சொல் மூடப்படாவிடினும் உலாவி பிழைசுட்டி நின்றுவிடும். அடுத்து வரையப்பட்ட எக்ஸ்எச்டிஎம்எல் 2, பழைய பக்கங்களுடனான ஒத்திசைவையும் கைவிட்டது.

ஆப்பிள், மொசில்லா, ஓப்பரா ஆகியவற்றைச் சார்ந்தோர் 2004இல் வாட்விக் குழுவை அமைத்து, எச்டிஎம்எல்லையே இணையச் செயலிகளுக்கு ஏற்ப வளர்த்தனர். பிழைகளை எல்லா உலாவிகளும் ஒரே முறையில் கையாளவும் விதி வகுத்தனர். 2009இல் எக்ஸ்எச்டிஎம்எல் 2 பணி முடிவுறும் என டபிள்யூ3சி அறிவித்தது. 2014 அக்டோபர் 28இல் எச்டிஎம்எல்5 பரிந்துரையாயிற்று.

இத்தெரிவில் ஒழுங்கு கைவிடப்படவில்லை. அதன் சுமை எழுதுவோரிடமிருந்து உலாவிக்கு மாறியது. பிழை மலிந்த பழம்பக்கங்களும் இன்று வாசிக்கத்தக்கனவாக இருப்பது அதன் பயனே.