வேப்பிலையும் பள்ளிக் கதவும்

வாயிற்படியிலே ஒரு கொத்து வேப்பிலை. அதைக் கண்டதும் அண்டை வீட்டார் விலகி நடப்பர். உள்ளே தாளிக்கும் ஓசை இராது, விருந்தினர் வரமாட்டார், "தாய் வந்திருக்கிறாள்" என்று வீட்டார் தாழ்ந்த குரலில் சொல்வர். கும்மிடிப்பூண்டி வட்டத்துச் சுண்ணாம்புக்குளத்துக்கும், பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவச் சிற்றூர்களுக்கும் மட்டுமல்ல, தமிழகத்தின் எந்த ஊருக்கும் இக்காட்சி புதியதன்று.

அந்த வேப்பிலை வெறும் வழிபாட்டுச் சின்னம் அன்று. அது ஒரு சட்டம். எவரும் எழுதாத, எந்த மன்றமும் இயற்றாத சட்டம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை நோயுற்ற குழந்தை வெளியே வரலாகாது என்பது அதன் விதி. அதை எள்ளி நகையாடிவிட்டுப் போய்விடுவது நமக்கு எளிது. ஆனால் அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று நம்முன் நிற்கிறது. சின்னம்மை ஊருக்குள் நுழையும்போது பள்ளிக்கூடம் யாரை வெளியே நிறுத்த வேண்டும்? நோயுற்ற குழந்தையை மட்டுமா? தடுப்பூசி போடாத குழந்தையையுமா? அப்படி நிறுத்தும் உரிமை அரசுக்கு எப்போது பிறக்கிறது? வரலாற்றைப் புரட்டி விடை காண்போம்.

வேப்பிலைச் சட்டத்தில் அறிவு பாதி, அச்சம் பாதி. நோயாளியைத் தனியே வைத்தது அறிவு. கண்ணால் கண்டு தலைமுறைகள் கற்ற பாடம் அது. அந்தப் பாடத்தின்மேல் பூசாரி தன் முத்திரையைக் குத்தினான். நோய்க்குக் காரணம் அம்மனின் சினம் என்றான். மருந்து கொடுப்பது குற்றம் என்றான். கூழும் பலியுமே பரிகாரம் என்றான். கொப்புளத்துக்கு "முத்து" என்று பெயர் சூட்டினார்கள். மாண்ட மகவை "அவள் அழைத்துக்கொண்டாள்" என்று சொல்லித் தேற்றிக்கொண்டார்கள். தொற்று என்ற உண்மை மறைந்தது; தெய்வக் குற்றம் என்ற பொய் நிலைத்தது.

அறிவியலோ வேறு வழியில் நடந்தது. பெரியம்மை வேறு, சின்னம்மை வேறு என்று 1767இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் தெளிவுறப் பிரித்துக் காட்டினார். 1950களில் அமெரிக்க அறிஞர் தாமஸ் வெல்லர் சின்னம்மை வைரசை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அக்கியை உண்டாக்குவதும் அதே வைரஸ்தான் என்று மெய்ப்பித்தார். இளமையில் சின்னம்மையாக வந்தது, நரம்புக்குள் உறங்கிக் கிடந்து, பின்னாளில் அக்கியாக எழுகிறது. நம் நாட்டிலோ சின்னம்மைக்கு மாரியாத்தாள் பூசை. அக்கிக்குக் காவி மண்ணால் உருவம் எழுதுதல். ஒரே வைரசுக்கு இரண்டு சடங்கு! இரண்டுக்கும் அந்த வைரஸ் செவிசாய்த்ததில்லை.

வேப்பிலைச் சட்டத்தின் ஓட்டையையும் அறிவியல் காட்டியது. தொற்றிய பின் 10 முதல் 21 நாள்வரை நோய் வெளியே தெரியாமல் இருக்கும். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றும். ஆக, வாயிலில் வேப்பிலை ஏறுமுன்பே குழந்தை தன் வகுப்புத் தோழர்களுக்கு நோயைப் பகிர்ந்தளித்திருக்கும். பெரும்பாலான குழந்தைகளை இது வாட்டிவிட்டுப் போய்விடும் என்பது உண்மையே. ஆனால் கருவுற்ற தாய்க்கும், பிறந்த சிசுவுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கும், வளர்ந்த பின் முதன்முறை இந்நோயைப் பெறுபவருக்கும் இது உயிரோடு விளையாடும் நோய். "சின்ன" அம்மை என்ற பெயரை நம்பி ஏமாறலாகாது.

தடுப்பு முறையின் வரலாறு பெரியம்மையிலிருந்து தொடங்குகிறது. 1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்குப் போடப்பட்டதே இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் அம்மைக் குத்து. அங்கிருந்து சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் அது பரவியது. எப்படிப் பரவியது? ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து அம்மைப்பாலை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவர். அதன் கையிலிருந்து அடுத்ததற்கு. கைக்குக் கை, உயிருக்கு உயிர். சாதி சும்மா இருக்குமா? "எந்தச் சாதிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்த பால்?" என்று கேட்டது. சாகும் குழந்தையைக் காக்க வந்த மருந்துக்கும் குலம் கேட்ட நாடு இது!

இந்த இடத்தில் நாம் பெரிதும் போற்றும் எல்லிஸ் துரையின் பெயரும் வருகிறது. 1816இல் தென்னக மொழிகள் வடமொழியின் வழிவந்தவை அல்ல, தனிக்குடும்பம் என்று எடுத்துரைத்த அதே பிரான்சிஸ் எல்லிஸ்தான். அம்மை குத்துதலை வைதிகர் ஏற்க வேண்டும் என்று, அதைப் பசுவின் அருளாகப் போற்றும் சிறு செய்யுளை வடமொழியில் தாமே இயற்றி, பழைய தாளில் எழுதி, பண்டைய ஏட்டில் கண்டதுபோல் உலவவிட்டார் என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறிப்பு கூறுகிறது. நோக்கம் நன்று. ஆயினும் விளைவு என்ன? "இதெல்லாம் எங்கள் முன்னோர் அன்றே அறிந்ததுதான்" என்ற பெருமைப் பேச்சுக்கே அத்தகைய முயற்சிகள் தீனியாயின. உண்மையைப் பரப்பப் பொய்யைத் துணைக்கு அழைத்தால், நிற்பது பொய்யே. நம் இளைஞர்கள் மறக்கக்கூடாத பாடம் இது.

பின்னர் சட்டம் வந்தது. 1880இல் இந்தியத் தடுப்பூசிச் சட்டம். 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். அச்சட்டம் சின்னம்மையையும் தொற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்தது. தொற்றுநோய் கண்ட சிறாரைப் பள்ளிக்கு அனுப்பலாகாது என்றும் விதித்தது. வேப்பிலை சொன்னதை இப்போது ஏடு சொன்னது. வேறுபாடு ஒன்றே: வேப்பிலை தெய்வத்தைக் காட்டியது, சட்டம் தொற்றைக் காட்டியது. எதிர்ப்பு இல்லாமலில்லை. 1913இல் காந்தியாரே அம்மை குத்துதலை வெறுத்து எழுதினார். இங்கிலாந்திலும் 1853இல் வந்த கட்டாயச் சட்டத்தை எதிர்த்து மக்கள் கிளர்ந்தனர்; 1885இல் லெஸ்டர் நகரில் பெரும் ஊர்வலமே நடந்தது; 1898இல் மனச்சான்றின் பெயரால் விலக்கு அளிக்கப்பட்டது. மூடத்தனத்துக்கு நாடும் நிறமும் இல்லை. ஆயினும் அம்மைப்பால் வென்றது. 1975க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை; 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. எந்த மாரியும் சினக்கவில்லை!

சின்னம்மைக்குத் தடுப்பூசி கண்டவர் ஜப்பான் மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி. தம் மகன் சின்னம்மையில் துடித்ததைக் கண்டு ஆய்வில் இறங்கியவர். 1974இல் வெற்றி கண்டார். 1995இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் தந்தது. அங்கே நோய் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. பள்ளி விதியும் அங்கே கடுமையானது. தடுப்பூசிச் சான்று இல்லாத குழந்தையைப் பள்ளி மறுக்கலாம் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் பெரியம்மைக் காலத்திலேயே, 1922இல், தீர்ப்பளித்திருந்தது. 2019இல் கென்டக்கி மாநிலத்துச் சமயப் பள்ளி ஒன்றில் சின்னம்மை பரவியபோது, கடைசி நோயாளிக்குக் கொப்புளம் தோன்றிய நாளிலிருந்து 21 நாள்வரை தடுப்பூசி போடாதோர் வரலாகாது என்று சுகாதாரத் துறை ஆணையிட்டது. சமய நம்பிக்கையைக் காட்டி ஒரு மாணவர் வழக்குத் தொடுத்தார். இடைக்காலத் தடையை நீதிமன்றம் மறுத்தது. சில வாரங்களில் அந்த மாணவருக்கே சின்னம்மை கண்டது. வழக்கு வாதத்தை வைரஸ் கேட்பதில்லை.

"அப்படியானால் அந்த விதியை இங்கும் கொண்டு வருவோம்" என்று ஆர்வத்தில் எவரேனும் சொல்லலாம். அங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டும். அந்நாட்டில் ஏழைக் குழந்தைக்கு அரசே அத்தடுப்பூசியை விலையின்றித் தருகிறது. மறுப்பவர் மனம் மாறினால், ஊசி போட்டுக்கொண்டு வகுப்புக்குத் திரும்பலாம். கதவைப் பூட்டிய அரசு சாவியையும் கையில் தந்திருக்கிறது. இங்கோ அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் தட்டம்மை உண்டு, இளம்பிள்ளைவாதம் உண்டு, சின்னம்மை இல்லை. தனியார் மருத்துவரிடம் ஒரு தவணைக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல். வேண்டியவை இரண்டு தவணை. வலையை நம்பி வாழும் சுண்ணாம்புக்குளத்துக் குடும்பம் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு அதை வாங்குமா, அரிசி வாங்குமா? ஊசி போடாத குழந்தையைத் தடு என்றால், இங்கே அதன் பொருள் காசில்லாத குழந்தையைத் தடு என்பதுதான்.

அந்தத் தடை நமக்குப் புதிதா? பிறப்பைக் காட்டிப் பள்ளிக் கதவை அடைத்த நாடல்லவா இது? அந்தக் கதவைத் திறக்கத்தானே நம் இயக்கம் பிறந்தது! பசியால் பிள்ளை பள்ளிக்கு வராதிருக்கக் கூடாது என்று 1920இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவளித்தது. 1953இல் பாதி நாள் படிப்பு, பாதி நாள் அப்பன் தொழில் என்று மீனவன் மகனை மீண்டும் வலைக்கே அனுப்ப முனைந்த குலக்கல்வித் திட்டத்தைத் தமிழகம் எதிர்த்து வீழ்த்தியது. இன்று மதிய உணவோடு, 2022இல் தொடங்கிய காலை உணவும் பள்ளியிலே கிடைக்கிறது. 21 நாள் வெளியே நிறுத்தப்படும் ஏழைக் குழந்தை பாடத்தை மட்டுமா இழக்கும்? சோற்றையும் இழக்கும்.

ஆகவே நம் கோரிக்கைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஊசி, பிறகு விதி. சின்னம்மைத் தடுப்பூசியை எல்லாக் குழந்தைகளுக்கும் அரசே விலையின்றித் தரட்டும். கண்டுபிடித்த ஜப்பானே 2014இல்தான் அதை எல்லாக் குழந்தைகளுக்குமான பொதுத் திட்டத்தில் சேர்த்தது. நாம் சேர்க்கவே கூடாதா? அவ்வாறு தந்தபின், சாமியைக் காட்டியோ வதந்தியைக் காட்டியோ மறுப்பவரின் குழந்தையை, நோய் பரவும் நாட்களில் வீட்டில் இருத்தும் உரிமை அரசுக்குப் பிறக்கிறது. அதுவரை அந்த உரிமை இல்லை. நோயுற்ற குழந்தை பொருக்குத் தட்டும்வரை வீட்டில் இருக்கட்டும். அது எவரையும் தாழ்த்தும் விதி அன்று. ஆனால் அதன் பாடமும் பங்கு உணவும் வீடு தேடிச் செல்லட்டும்.

இளைஞர்க்கு வேலை உண்டு. 2017இல் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போது தமிழகத்தில் பூசாரி தேவைப்படவில்லை. கைப்பேசி வதந்தியே பெற்றோரை மிரட்டியது. குறி சொல்லும் வாய் மாறியிருக்கிறது, அச்சம் அதேதான். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் நுழைந்து ஏளனம் செய்யாதீர்கள். அந்தத் தாயிடம், "தனியே வைத்தது சரி அம்மா, மருத்துவரையும் அழைப்போம், வீட்டில் கருவுற்றவர் உண்டா?" என்று கேளுங்கள். அவளுடைய அறிவைப் போற்றுங்கள், அச்சத்தை அகற்றுங்கள். பிறகு அவளையே அழைத்துக்கொண்டு ஊசி கேட்டு அரசின் வாயிலுக்குச் செல்லுங்கள்.

பள்ளிக் கதவு நோய்க்கு அடைபடட்டும். ஏழைக்கு அடைபட வேண்டாம்.