எட்டி ஷோரின் ஆட்கள்

1942 முதல் 1967 வரை வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் ஆறு அணிகள்தான் இருந்தன: மான்ட்ரியால், டொராண்டோ, பாஸ்டன், நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட். அணிக்கு 20 பேர் என்று கணக்குப் போட்டால் மொத்தமே 120 இடங்கள். கனடாவிலோ உறைந்த குளத்தில் ஸ்கேட் கட்டிப் பழகாத பையனைத் தேடத்தான் வேண்டும். மேலே இடம் கிடைக்காதவர்களுக்குக் கீழ்நிலை லீகுகள் இருந்தன. அவற்றில் முதன்மையானது 1936-இல் தொடங்கிய அமெரிக்கன் ஹாக்கி லீக். ஹெர்ஷி, ப்ராவிடன்ஸ், ராச்செஸ்டர், கிளீவ்லாந்து என்று நடுத்தர ஊர்களின் அணிகள் அதில் ஆடின. குளிர்காலம் முழுக்க பஸ் பயணம். கோடையில் பலருக்குக் கட்டட வேலையோ வேறு கூலி வேலையோதான் சோறு போட்டது.

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஆட்டக்காரர் அந்த அணிக்குச் சொந்தம். அவரை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், உட்காரவைக்கலாம். அவராக இன்னோர் அணிக்குப் போய்விட முடியாது. ஆகவே ஒருவரது பிழைப்பு எப்படி அமையும் என்பது பெரும்பாலும் முதலாளியின் குணத்தைப் பொறுத்தது. இதில் உச்சத்துக்குப் போன ஊர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு.

அந்த ஊரின் இந்தியன்ஸ் அணியை 1939-இல் வாங்கியவர் எட்டி ஷோர். பாஸ்டன் அணியின் தற்காப்பு ஆட்டக்காரராக லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை நான்கு முறை வென்றவர். முரட்டு ஆட்டத்துக்கும் பேர்போனவர். முதலாளியான பிறகு பயிற்சியும் தாமே கொடுத்தார். முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், கால்கள் இவ்வளவுதான் விலகலாம், மட்டையில் கைகள் இத்தனை தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஓர் அளவு உண்டு. கால் லாகவம் வருவதற்காக ஆட்டக்காரர்களுக்கு நடனம் பழக்கினார். கோல்கீப்பர் கீழே விழுந்து தடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. விழாமலிருக்க கோல்கீப்பரைக் கயிற்றால் கோல் சட்டத்தோடு கட்டிவைத்ததை அங்கே ஆடியவர்கள் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

இவற்றைக் கிறுக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1960, 61, 62 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்கன் ஹாக்கி லீகின் கால்டர் கோப்பையை வென்றது அவருடைய அணிதான். அவரிடம் பயின்ற கென்ட் டக்ளஸைப் பெறுவதற்கு டொராண்டோ 1962-இல் ஐந்து ஆட்டக்காரர்களைக் கொடுத்தது. மறு ஆண்டே மேல் லீகின் சிறந்த புதுமுகம் என்ற விருது டக்ளஸுக்குக் கிடைத்தது.

ஷோரின் மறுபக்கம் காசு. காயம்பட்டவர்கள், ஆட்டத்தில் இடம் பெறாதவர்கள், அவருடைய கோபத்துக்கு ஆளானவர்கள் சும்மா இருக்க முடியாது. அரங்கில் இருக்கைகளுக்கு வண்ணம் பூசவும், பல்பு மாற்றவும், பாப்கார்ன் விற்கவும், பலூன் ஊதவும் அவர்களை ஏவினார். இந்தக் கும்பலுக்கு ‘பிளாக் ஏசஸ்’ என்று பேர். பிற்காலத்தில் தொலைக்காட்சியில் கனடா முழுக்க அறிமுகமான டான் செர்ரியும் ஷோரின் கீழ் அல்லல்பட்டவர்தான். கால்டர் கோப்பை வென்ற அணிகளில் நான்கு முறை இருந்த செர்ரிக்கு மேல் லீகில் வாய்த்தது 1955-இல் ஒரே ஓர் ஆட்டம்.

1966 டிசம்பரில் பொறுமை தீர்ந்தது. சரியாக ஆடவில்லை என்று சொல்லி பில் ஒயிட், டேல் ரோல்ஃப், டேவ் அமாடியோ மூவரையும் ஷோர் சம்பளமில்லாமல் நீக்கிவைத்தார். மற்றவர்கள் பனித்தளத்தில் இறங்க மறுத்தார்கள். அவர்கள் சார்பாகப் பேசியவர்களில் ஒருவர் பிரையன் கில்ரே. டொராண்டோவிலிருந்து ஆலன் ஈகிள்சன் என்ற இளம் வழக்கறிஞர் வரவழைக்கப்பட்டார். ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பட்டதெல்லாம் எழுத்தில் ஏறியது. கடைசியில் அணியை அன்றாடம் நடத்தும் பொறுப்பிலிருந்து ஷோர் விலகிக்கொண்டார்.

மேல் லீகின் நட்சத்திரங்கள் முயன்றும் நிலைக்காத ஆட்டக்காரர் சங்கத்துக்குக் கீழ்நிலை ஊர் ஒன்றின் வேலைநிறுத்தம் வழி திறந்தது. இந்த வெற்றியால் பேர் பெற்ற ஈகிள்சன் 1967 ஜூனில் தேசிய ஹாக்கி லீக் ஆட்டக்காரர் சங்கத்தை அமைத்தார். அதே ஈகிள்சன் 1998-இல் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனது தனிக் கதை. கீழ்நிலை ஆட்டக்காரர்களுக்கான சங்கமும் 1967-இல்தான் பிறந்தது.

அந்த ஆண்டே மேல் லீக் ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டானது. ஷோரின் ஆட்களைப் புது லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணி மொத்தமாக வாங்கிக்கொண்டது. 1967 அக்டோபர் 14 அன்று அந்த அணியின் வரலாற்றில் முதல் கோலைப் போட்டவர் கில்ரே. மேல் லீகில் அவர் ஆடியது மொத்தம் 26 ஆட்டங்கள். பிறகு ஒட்டாவாவில் இளையோர் அணியின் பயிற்சியாளராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெற்றிகளைக் கண்டார். பில் ஒயிட் மேல் லீகில் முதன்முதலாக இறங்கியபோது வயது 28. ஐந்தே ஆண்டுகளில், 1972-இல், சோவியத் அணிக்கு எதிரான புகழ்பெற்ற தொடரில் கனடாவுக்காக ஆடினார். ஸ்பிரிங்ஃபீல்டில் அவரைத் தேக்கிவைத்தது திறமைக் குறைவு என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இன்று மேல் லீகில் 32 அணிகள். அமெரிக்கன் ஹாக்கி லீகிலும் 32. ஒவ்வொரு கீழ் அணியும் ஒரு மேல் அணியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பலருடைய ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளங்கள் எழுதியிருக்கும்: மேலே இருக்கும் நாட்களுக்கு ஒன்று, கீழே இருக்கும் நாட்களுக்கு அதைவிட மிகக் குறைந்த இன்னொன்று. ‘பிளாக் ஏசஸ்’ என்ற பேரும் வழக்கொழியவில்லை. கீழ் லீகில் தங்கள் பருவம் முடிந்ததும், கோப்பைச் சுற்றில் ஆடும் மேல் அணியோடு பயிற்சி செய்ய அழைக்கப்படுகிறவர்களுக்கு இப்போது அந்தப் பேர். யாருக்காவது அடிபட்டால் களமிறங்கலாம் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். பலூன் ஊத வேண்டியதில்லை.