எங்கள் ஊரணியும் என் கையெழுத்தும்

கூட்டமைப்பின் மலருக்கு நம் பெண்கள் ஊர்ப் பொதுவேலைக்கு வந்த வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். வரலாறு எழுத நான் படித்தவள் இல்லை. சின்ன வயசில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். எழுத்து தெரிந்ததே 1991-க்குப் பிறகுதான். அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கேட்டுத் தெரிந்துகொண்டதையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன். தப்பிருந்தால் மூத்த அக்காமார்கள் திருத்துங்கள்.

எங்க அம்மா கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர். வாங்கின முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. காண்ட்ராக்டர் ஆள் சொன்னதுதான் கணக்கு. புதுக்கோட்டைச் சீமையில் அந்த நாளில் பல குடும்பங்களின் கதை இதுதான்.

1991-இல் நம் மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். அதற்கு முந்தின வருஷம்தான் கேரளாவின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. எனக்கு 23 வயது, இடுப்பில் கைக்குழந்தை. ராத்திரி வேலையெல்லாம் முடித்துவிட்டு அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் உட்காருவோம். சொல்லிக்கொடுத்த பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது, எல்லாம் தொண்டர்கள். எங்கள் தெருவில் முதலில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். இதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

அடுத்து சைக்கிள். லேடீஸ் சைக்கிள் எங்கே கிடைத்தது? ஆம்பளைகள் ஓட்டும் வண்டியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டினோம். பிறகு அதுவே வசதி என்று தெரிந்தது: முன் கம்பியில் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம். "பொம்பளைக்கு என்னடி சவாரி?" என்று கேட்டவர்களே பின்னாளில் "சந்தைவரைக்கும் இறக்கிவிடு தாயி" என்றார்கள். அதே காலத்தில் கல்குவாரிகளை அங்கே வேலை செய்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். அளவையும் கணக்கையும் அம்மா மாதிரிப் பெண்கள் முதல் தடவையாகத் தாங்களே பார்த்தார்கள்.

சுய உதவிக் குழு என்பது நம் மாநிலத்தில் 1989-இல் தருமபுரியில் தொடங்கியது. 1992-இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1997-98-இல் மகளிர் திட்டம் வந்த பிறகு எங்கள் பக்கமும் குழுக்கள் பெருகின. எங்கள் குழு 1999-இல் 16 பேரோடு ஆரம்பம். மாதச் சேமிப்பு 20 ரூபாய். கூட்டத்துக்கு வராவிட்டால் 5 ரூபாய் அபராதம். அந்த அஞ்சு ரூபாய்க்குப் பயந்தே பிரசவமான பத்தாம் நாள் பிள்ளையோடு வந்தவர்கள் உண்டு.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இதை எழுத ஒத்துக்கொண்டதற்குக் காரணம்.

குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போன நாங்கள் கிராம சபைக்குப் போனதில்லை. "அங்க போயி என்னத்துக்கு? கடனா தர்றாக?" என்று நானே சொல்லியிருக்கிறேன். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்து, மறுவருஷம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்து, 1996 தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமும் கிடைத்தாகிவிட்டது. (2016-இல் அது பாதியானது.) பெண் ஒருவர் எங்களுக்கும் தலைவராக இருந்து போனார். ஆனால் சபை கூடும் நாளில் அங்கே பத்து ஆம்பளைகள்தான் நாற்காலியில் இருப்பார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போக மாட்டோம்.

எங்கள் ஊரணி குடிதண்ணீர் ஊரணி. எங்கள் பாட்டி காலத்தில் அதில் கால் நனைக்க விடமாட்டார்கள். துணி துவைத்தால் ஊர்க்கூட்டத்தில் அபராதம். மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் போய் வரத்து வாரியை வெட்டிச் சுத்தம் பண்ணுவார்கள். குடிமராமத்து என்று புத்தகத்தில் போடுகிறார்களே, அதுதான். குழாய் வந்த பிறகு அந்த வழக்கம் போயிற்று. வாரி தூர்ந்தது, ஊரணியில் கருவேலம் முளைத்தது. குழாயில் தண்ணீர் வராத கோடையில்தான் எல்லாருக்கும் ஊரணி ஞாபகம் வரும்.

2010-இல் நூறு நாள் வேலையில் வாரியைத் தூர் வாரலாம் என்று பேச்சு வந்தது. எந்த வேலையைச் செய்வது என்பதைக் கிராம சபைதான் முடிவு செய்ய வேண்டும். மே 1-ஆம் தேதி சபை. நாங்கள் போகவில்லை. நடவும் இல்லை, அறுப்பும் இல்லை. சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை, சும்மாதான் போகவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வேறொரு இடத்தில் மண் சாலை வேலை என்று தீர்மானமாகிவிட்டது. விசாரிக்கப் போன இடத்தில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார்கள். எங்கள் குழுவில் ஒன்பது பேர் பெயர் அதில் இருந்தது. என் பெயரும் இருந்தது. பக்கத்தில் கைநாட்டு.

கைநாட்டு! அரிக்கேன் விளக்கில் ஆறு மாதம் எழுதிப் பழகின கை இது. யாரோ ஒருவருடைய கட்டைவிரல் என் பெயருக்குப் பக்கத்தில் நீலமாக இருக்கிறது. கேட்டதற்கு ஒருவர், "கோரம் சேரணும்ல தாயி, எப்பவும் நடக்குறதுதான்" என்றார். 3,000 பேருக்குள் இருக்கும் ஊராட்சியில் 100 பேர் இருந்தால்தான் சபை செல்லும் என்பது விதி. அந்த நூறை நாங்கள் போய் நிரப்பியிருந்தால் அந்தக் கட்டைவிரலுக்கு வேலையே இருந்திருக்காது. அன்றைக்கு ராத்திரி எனக்கு வந்த கோபத்தில் பாதிக்கு மேல் என் மேலேயே.

ஆகஸ்ட் 15-க்கு நாங்கள் 64 பேர் போனோம். முன் வரிசையில் தரையில் உட்கார்ந்தோம். பதிவேடு வந்ததும் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகு, கடைசிப் பெயருக்குக் கீழே கோடு கிழிக்கச் சொன்னோம். குழுப் புத்தகத்தில் நாங்கள் செய்கிறதுதான், புதிதாக ஒன்றுமில்லை. எழுந்து பேசும்போது எனக்குக் கால் நடுங்கியது. "போன சபைக்கு நான் வரல, ஆனா எம் பேரு இருக்கு" என்று தொடங்கினேன். சத்தம் வந்தது, எங்கள் கூட்டத்தில் இருந்தும் ஒரு அக்கா சேலையைப் பிடித்து இழுத்தார், போதும் உட்காரு என்று. வாரி வேலை அன்றைக்குத் தீர்மானமாகி, மறுவருஷம் நடந்தது. கைநாட்டு வைத்தது யார் என்று மட்டும் இதுவரை யாரும் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்துக் காஞ்சிபுரம் பக்கம் ஒரு பயிற்சிக்குப் போனபோது உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டியது. பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு ஆள் தேர்ந்திருக்கிறார்கள். ஏரி வாரியம் என்றே ஒன்று இருந்திருக்கிறது. எங்கள் ஊக்குநருக்குப் பிடித்தது இன்னொன்று: கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவன் உறவுக்காரரும் நிற்க முடியாது. "நம்ம குழுவுக்கு இதைக் கொண்டுவரணும்டி" என்று சிரித்தார். ஆனால் அந்தக் குடத்தில் பெண் பெயர் ஒன்றும் விழுந்திருக்காது. சொந்த நிலம் வைத்து வரி கட்டுகிற ஆணுக்குத்தான் அந்த ஓலை. ஜல்லி உடைத்த எங்க அம்மாவுக்கும் அங்கே இடமில்லை, அப்பாவுக்கும் இல்லை. ஆயிரம் வருஷப் பெருமை என்று பேசுகிறபோது எனக்கு இது நினைவுக்கு வந்துவிடுகிறது.

இப்போது சபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. 2022 முதல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்துகொண்டன. கூட்டம் பரவாயில்லை, ஆனால் வருகிறவர்கள் எல்லாம் என் வயதுக்காரர்கள். புதுக் குழுப் பிள்ளைகள், "தீர்மானத்த வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க அத்தை" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 2010 மே மாதம் நானும் வீட்டில்தானே இருந்தேன்.

ஊரணியில் போன மழைக்கு முக்கால் தண்ணீர். வாரியில் இன்னும் ஒரு பகுதி ஆக்கிரமிப்பில் இருக்கிறது. அளந்து கல் போடச் சொல்லி மூன்று தடவை தீர்மானம் எழுதியாகிவிட்டது. அக்டோபர் 2-ஆம் தேதி நாலாவது தடவையாக எழுதப்போகிறோம். காலை பத்து மணிக்கு ஊரணிக் கரையில் கூடி, அங்கிருந்து சேர்ந்து போவதாகப் பேச்சு.