தரவுத்தளக் காப்புநகல்

தரவுத்தளக் காப்புநகல் என்பது ஒரு தரவுத்தளத்தில் உள்ள தரவுகள் அழிந்தோ சிதைந்தோ போனால், அவற்றை மீண்டும் பெறுவதற்காக வேறிடத்தில் எடுத்து வைக்கப்படும் நகல் ஆகும். அந்நகலைக் கொண்டு தரவுத்தளத்தை மீண்டும் இயங்கச் செய்வது மீட்டெடுப்பு எனப்படும். நகல் எடுப்பது இப்பணியின் பாதி மட்டுமே. ஒருமுறையேனும் மீட்டெடுத்துப் பார்க்கப்படாத கோப்பைக் காப்புநகல் என்று அனுபவமுள்ள தரவுத்தள நிர்வாகிகள் கணக்கில் கொள்வதில்லை.

வகைகள்

அட்டவணைகளையும் அவற்றின் உள்ளடக்கத்தையும் கட்டளைகளாக எழுதி வைப்பது ஒரு முறை. மைஎஸ்கியூஎல், போசுட்கிரெசு ஆகியவற்றுடன் இதற்கான நிரல்கள் சேர்ந்தே வருகின்றன. தரவுத்தளம் பெரிதாகும்போது இம்முறை மிகவும் மெதுவாகிவிடும். அப்போது வட்டில் உள்ள கோப்புகள் அப்படியே படியெடுக்கப்படுகின்றன.

இவற்றுடன் மாற்றப் பதிவேடுகளையும் சேமித்து வந்தால், குறிப்பிட்ட ஒரு நேரம் வரை மீட்டெடுக்க இயலும். ஞாயிறன்று முழு நகல் எடுக்கப்பட்டுள்ளது என்க. புதன்கிழமை காலை 11:40 மணிக்கு ஒருவர் தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்துவிட்டால், ஞாயிறு நகலை ஏற்றி, அதன்மேல் பதிவேடுகளை 11:39 வரை ஓட்டலாம். பதிவேடுகள் இல்லையெனில் மூன்று நாள் பணி போய்விடும்.

காப்புநகல் ஆகாதவை

ஒரு வழங்கியில் நிகழும் மாற்றங்களை உடனுக்குடன் மற்றொரு வழங்கிக்கு அனுப்பும் ஏற்பாட்டைப் பலர் காப்புநகல் எனக் கருதுகின்றனர். வன்பொருள் பழுதடைந்தால் இது கைகொடுக்கும். ஆனால் முதன்மை வழங்கியில் தரும் அழிப்புக் கட்டளை அடுத்த சில நொடிகளில் இணை வழங்கியிலும் நிறைவேறிவிடும். பல வட்டுகளை ஒன்றிணைக்கும் ரெய்டு அமைப்புக்கும் இதே குறை உண்டு.

கிட்லாப் நிகழ்வு

இத்துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது கிட்லாப் நிறுவனத்தில் 2017 சனவரி 31 அன்று நிகழ்ந்த தரவு இழப்பாகும். இணை வழங்கியைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், அதன் தரவுக் கோப்புறையை நீக்குவதாக எண்ணி முதன்மை வழங்கியின் கோப்புறையை நீக்கினார். ஒன்றிரண்டு நொடிகளில் கட்டளையை நிறுத்தியும், ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்டே எஞ்சியது.

தவறான கட்டளையைவிட அதன்பின் தெரியவந்ததே பெரிய செய்தி. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய நகல்கள் சேமிப்பகத்தில் இல்லை. அவ்விடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6 ஆம் பதிப்பில் இயங்க, நகலெடுக்கும் நிரல் 9.2 ஆம் பதிப்பாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் அது பிழையுடன் நின்றிருந்தது. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் பெறும் வழங்கியால் தள்ளப்பட்டதால் எவர் கண்ணிலும் படவில்லை. மேகக் கணிமைச் சேவையின் வட்டு நகல் வசதி தரவுத்தள வழங்கிகளுக்கு இயக்கப்படவே இல்லை. அதே பொறியாளர் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகலே தளத்தை மீட்டது. ஏறக்குறைய 5,000 திட்டங்களும் 700 புதிய பயனர் கணக்குகளும் இழக்கப்பட்டன. நிறுவனம் இவை அனைத்தையும் வெளிப்படையாக எழுதி வெளியிட்டதாலேயே இன்று இது பாடமாக உள்ளது.

இந்தியாவில்

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து வழங்கிகளில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவு, பணம் பறிக்கும் தீநிரலால் பூட்டப்பட்டது. நோயாளிப் பதிவு முதலிய பணிகள் காகிதத்துக்குத் திரும்பின. பாதிப்புக்குள்ளாகாத ஒரு காப்பு வழங்கியிலிருந்து மருத்துவமனைத் தரவுகள் மீட்கப்பட்டன. எனினும் முதன்மைச் சேவைகள் திரும்ப இரண்டு வாரங்கள் ஆயின. நகல் இருப்பது வேறு, விரைவில் திரும்ப வருவது வேறு. ஆகவே எவ்வளவு நேரத் தரவை இழக்கலாம், எவ்வளவு நேரம் முடங்கியிருக்கலாம் என இரு அளவுகளையும் முன்கூட்டியே முடிவு செய்கின்றனர்.

நிறுவனங்களின் கணக்கேடுகளை மின்வடிவில் வைத்திருப்போர், அவற்றின் காப்புநகலை இந்தியாவிலுள்ள வழங்கியில் நாள்தோறும் எடுக்க வேண்டும் என 2022 ஆகத்தில் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன் குறித்த கால இடைவெளிகளில் எடுத்தால் போதுமானதாக இருந்தது.

மதுரை போன்ற நகரங்களில் தரவுத்தளம் என்பது பெரும்பாலும் மொத்தக் கடையொன்றின் கணக்கு மென்பொருளுக்குள் இருப்பதே. தனி நிர்வாகி இருப்பதில்லை. கணக்கர் மாலையில் பென் டிரைவில் ஒரு நகல் எடுப்பார். அதனைக் கணினியிலேயே செருகி வைத்திருந்தால் தீநிரல் இரண்டையும் சேர்த்தே பூட்டும். ஒரே நகலின்மீது நாள்தோறும் எழுதினால், சிதைந்த கோப்பு நேற்றைய நல்ல கோப்பை அழித்துவிடும். கிழமைக்கொன்றாக ஏழு நகல்கள் வைத்து, ஒன்றைக் கடைக்கு வெளியே கொண்டு செல்வதற்குப் பெரிய செலவில்லை.

2012 ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நிலவிய நீண்ட மின்வெட்டும் இங்குக் குறிப்பிடத்தக்கது. மாற்றப் பதிவேடு கொண்ட தரவுத்தளங்கள் திடீரென மின்சாரம் நின்றாலும் பெரும்பாலும் தாமே சீராகிவிடும். மைஎஸ்கியூஎல்லின் பழைய மைஐசாம் அட்டவணைகளுக்கு அவ்வசதி இல்லை. அவை எளிதில் சிதையக்கூடியவை. 5.5 ஆம் பதிப்பு வரும்வரை இயல்பிருப்பாக இருந்தவை அவையே.

தமிழ்த் தரவுகளும் குறியாக்கமும்

தமிழ் உரைகளைக் கொண்ட தரவுத்தளங்களுக்குத் தனியான ஓர் இடர் உண்டு. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்கிறது. மைஎஸ்கியூஎல் 8.0 க்கு முன் இயல்பிருப்பாக இருந்த லத்தீன்-1 குறியாக்கத்தில் அமைந்த அட்டவணைக்குள் மீட்டெடுத்தால் தமிழெழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும். நிரல் பிழையேதும் காட்டாமல் முடிந்திருக்கலாம். வரிசைகளின் எண்ணிக்கையும் சரியாக இருக்கும். கேள்விக்குறியான எழுத்தை அங்கிருந்து திரும்பப் பெறவும் இயலாது.

1998 இல் தொடங்கப்பட்டு, பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கி வரும் மதுரைத் திட்டம், முன்னர் தகுதரக் (டிஸ்கி) குறியாக்கத்தில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கும் மாற்ற வேண்டியிருந்தது. எந்தக் குறியாக்கம் என்று தெரிந்திருந்ததால் அம்மாற்றம் இயன்றது. அக்காலத்தில் பல அலுவலகங்கள் தத்தம் எழுத்துருவுக்கேற்பச் சேமித்த தரவுகளை, அந்த எழுத்துரு எதுவெனத் தெரியாமல் படிப்பது கடினம். எனவே நகலுடன் குறியாக்கத்தின் பெயரையும் மென்பொருளின் பதிப்பெண்ணையும் எழுதி வைப்பதும், வேறொரு கணினியில் மீட்டெடுத்துச் சில தமிழ் வரிகளைக் கண்ணால் படித்துப் பார்ப்பதும் வழக்கமாகக் கொள்ளப்படுகின்றன.