வாடகைப் பத்திரத்தில் ஒரு வரி

உசிலம்பட்டியில் வீடு வாடகைக்குப் பிடிப்போர் கையெழுத்திடும் பதினொரு மாதப் பத்திரத்தில், வீட்டைச் சட்டவிரோதக் காரியங்களுக்கு உபயோகிக்கலாகாது என்றொரு வரி பெரும்பாலும் இருக்கும். எழுதுபவர் அதைப் பழக்கத்தில் எழுதுகிறார்; கையெழுத்திடுபவர் அதைப் படிப்பதில்லை. அந்த வரிக்குள் கஞ்சாவும் அடங்கும் என்பதால், அதன் வரலாற்றைச் சற்றுப் பார்க்கலாம்.

கஞ்சா எப்போதும் விலக்கப்பட்ட பொருளாக இருந்ததில்லை. ஆங்கில அரசு 1893இல் நியமித்த ஆணையம், அளவோடு பயன்படுத்துவதால் பெருந்தீங்கு இல்லை என்றும் முழுத்தடை வேண்டாம் என்றும் 1894இல் அறிக்கை தந்தது. ஆணையம் வீட்டுக் கொல்லைகளில் வளர்ந்த செடிகளைப் பற்றியும் விசாரித்திருக்கிறது. இன்று நடைமுறையிலுள்ள போதைப்பொருள் சட்டம் 1985இல்தான் வந்தது. அதன் 25ஆம் பிரிவின்படி, தம் வீட்டில் பிறர் இக்குற்றம் செய்ய அறிந்தே அனுமதிக்கும் உரிமையாளருக்கும் குற்றவாளிக்குரிய தண்டனையே உண்டு.

'அறிந்தே' என்ற சொல் ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு, குற்றமனம் இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது. அறியவில்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர். வீட்டுக்காரருக்கு அந்த ஒற்றை வரி முன்கூட்டியே எழுதிவைத்த சாட்சியமாகிறது.

குற்றமின்மையை மனிதனே நிரூபிக்க வேண்டும் என்ற ஏற்பாடு இந்தச் சீமைக்குப் புதிதன்று. குற்றப் பரம்பரைச் சட்டம் பிறமலைக் கள்ளர்களைப் பிறப்பால் சந்தேகித்தது. எங்கே உறங்க வேண்டும் என்பதையும் காவல்துறையே தீர்மானித்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது; மாயக்காள் என்ற பெண்ணும் மாண்டவர்களுள் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது. இரண்டு சட்டங்களும் ஒன்றென நாம் சொல்லவில்லை. முன்னது பிறப்பைக் குற்றமாக்கியது. பின்னது ஒரு செயலை. ஆயினும் வீட்டுக்குள் நடப்பதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இவ்வூரில் வெறும் சட்டக் கேள்வியாக இருக்க முடியாது.

குடியிருப்பவர் பக்கம் வருவோம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கட்டடத்தைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்தினார் என்ற காரணத்தால் ஒருவரை வெளியேற்ற, அவர் அக்குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இந்தக் காப்பு மெலிந்துவிட்டது. நிறுத்துமாறு அறிவிப்புக் கொடுத்த பின்னும் தவறான உபயோகம் தொடர்ந்தால் போதும், வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். நம் கணிப்பில் இது சிறிய மாற்றமன்று. எனினும் தாமாகவே பூட்டுப் போடவும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தவும் வீட்டுக்காரருக்கு இன்றும் உரிமை கிடையாது.

கனடாவில் 2018 அக்டோபரில் கஞ்சா அனுமதிக்கப்பட்டபோது, கியூபெக் மாகாணம் வீட்டுக்காரர்களுக்கு மூன்று மாத அவகாசம் தந்தது. அதற்குள் அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தில் புகைத்தடையைச் சேர்க்கலாம். மருத்துவக் காரணம் உள்ளவர் மறுக்கலாம். அங்கே அது இருவருக்கிடையிலான ஒப்பந்த விஷயம். இங்கே நடுவில் காவல் நிலையம் நிற்கிறது. பையன் அறையில் புகை நாற்றம் என்று பக்கத்து வீட்டார் சொன்னாலே போதும். அறிவிப்பும் இல்லை, வழக்கும் இல்லை. பெயர் வெளியே வந்துவிடுமே என்று அட்வான்ஸைக்கூடக் கேளாமல் குடும்பமே சாமானைக் கட்டுகிறது.