தெருவும் தரவும்: காவிரிப் படுகையில் சமமின்மை ஆய்வின் வரலாறு

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை இரண்டாம் இராசராசன் (1146–1173) எடுப்பித்த காலம், காவிரிப் படுகையின் கீழ்ப்பகுதியில் நிலம் தனியார் கைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். முற்காலச் சோழர் ஆட்சியில் ஊரார் பொதுவில் வைத்திருந்த நிலம், 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் தனிமனிதர் வாங்கி விற்கும் உடைமையாகப் பெருகியது. கல்வெட்டுகளின் நில விற்பனை, கொடைச் செய்திகளைக் காலவாரியாக அடுக்கி இதைக் காட்டியவர் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா. இக்கோயிலில் பெயர் பொறித்துச் செதுக்கப்பட்ட அறுபத்துமூவரில் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த திருநாளைப்போவாரும் ஒருவர். பக்தியில் அவருக்கு இடம் கிடைத்தது. அவர் குலத்தாருக்கு ஊரில் இருந்த இடம் வேறு: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர் நத்தத்தையும் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியே குறிக்கின்றன.

இந்தத் தெருப் பிரிவினை, இப்படுகையைப் பற்றிய நவீன ஆய்வுகளுக்குள்ளும் புகுந்தது. ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்கினார் என்பதைப் பொறுத்தே அவர் கண்ட சமமின்மையும் அமைந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்தார். 1918-இல் நூலாக வந்த அந்த ஆய்வில் தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் உண்டு. 1930-களில் அதே ஊர்கள் மீண்டும் ஆராயப்பட்டன.

அடுத்த பெரிய அடி கேத்லீன் கஃப் வைத்தது. 1951 முதல் 1953 வரை அவர் மேற்குப் பகுதியில் ஓர் ஊரிலும் கிழக்கில் ஓர் ஊரிலும் களப்பணி செய்தார். கும்பாபேட்டை, கிரிப்பூர் என்பன அவர் அவற்றுக்கு இட்ட புனைபெயர்கள். அவர் அங்கிருந்தபோதுதான், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் (1952) வந்தது. அதன் பின்னால் பி. சீனிவாசராவ் முதலானோர் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் இருந்தது. ஐம்பதுகளில் கஃப் எழுதிய கட்டுரைகளில் சாதியமைப்பே முன்னால் நிற்கிறது. 1976-இல் திரும்பி வந்து, 1981-இல் வெளியிட்ட நூலில் அவர் பார்வை அடியோடு விரிந்திருந்தது. நிலம், கூலி, அடிமைமுறை, நாகப்பட்டினம் வழியாக மலாயாவுக்குப் போன கூலியாட்கள் என எல்லாம் ஒரே வரலாறாயின. 1843-இல் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு நீங்கிய பின்னும் ஆள் பண்ணையோடு கட்டுண்டு கிடந்ததற்கு உலகச் சந்தையும் ஒரு காரணம் என்று அவர் வாதிட்டார். தஞ்சையைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளில் உலகளாவிய சமமின்மையை உள்ளூர்க் களத்துமேட்டில் வைத்து விளக்கியதில் அந்நூலுக்கு இணை இல்லை என்பது என் கருத்து.

ஆந்த்ரே பெத்தேய் 1961–62-இல் திருவையாற்றுப் பக்கத்து ஊரொன்றில் ஆய்வு நடத்தி, அதற்கு 'ஸ்ரீபுரம்' என்று பெயரிட்டு 1965-இல் நூலெழுதினார். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் முன்பு ஒரே கைகளில் குவிந்திருந்தன. இப்போது பிரியத் தொடங்கிவிட்டன என்பது அவர் முடிபு. அவர் குடியிருந்தது அக்கிரகாரத்தில். அதனால் பிராமணர் பற்றிய தரவு செறிவாகவும் ஆதிதிராவிடர் பற்றியது அதற்கு ஈடாகாமலும் போனதை அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் குறை அவரோடு நிற்பதல்ல. சேரியில் குடிசை நின்ற மனைக்கட்டே மிராசுதாருடையது. வாய் திறந்தவரை மறுநாளே வெளியேற்றலாம். குடியிருப்போருக்கு அந்த மனையை உரிமையாக்கும் சட்டம் 1971-இல்தான் வந்தது. அதுவரை சேரியிலிருந்து கிடைத்த ஒவ்வொரு விடையும் அந்த அச்சத்தின் ஊடே வந்த விடை.

அந்த அச்சத்தை மீறி, கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதன் விலை கீழ்வெண்மணியில் தெரிந்தது: 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு களத்துக்கு வந்த பிரான்சீன் பிராங்கல் என்ற ஆய்வாளர், ஏடிடி 27 போன்ற புதிய நெல் ரகங்கள் விளைச்சலைக் கூட்டியும் அதன் பயன் நிலமுடையோரிடமே தேங்கி, பகை முற்றியதை 1971-இல் எழுதினார்.

பின்னர் அக்கிரகாரமே காலியாயிற்று. கும்பகோணத்தை அடுத்த திப்பிராஜபுரத்தில் ஆய்வு செய்த கிறிஸ்டபர் ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும், நிலத்தை விட்டவர்கள் நகரத்து நடுத்தர வர்க்கமானதை 2014 நூலில் விவரித்தனர். சேரியின் பக்கமிருந்து எழுத வேண்டிய வரலாற்றுக்கு, 2019-இல் பாலக்குறிச்சியில் நடந்த மறு ஆய்வும் வெண்மணியில் நடந்த ஆய்வும் உறுதியான அடித்தளம். நூறாண்டு இடைவெளியில் ஒரே ஊரை மீண்டும் மீண்டும் அளக்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

இத்தனை ஆய்வுகளும் நெல்லைச் சுற்றியே நடந்தன. தாராசுரத்தில் சௌராஷ்டிரர் நெய்யும் பட்டுத்தறிகள் இவற்றில் வரவில்லை. பாவும் ஊடையும் முதலாளியிடமிருந்து வாங்கிக் கூலிக்கு நெய்பவரின் முன்பணக் கடனைப் பண்ணையாளின் கடனோடு ஒப்பிட்டு ஆராய்வதே இப்படுகையின் சமமின்மை ஆய்வில் அடுத்து நடக்க வேண்டிய வேலை.